டப்பாவில் இருந்த பெயிண்ட்

பழைய காருக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பதில் அவசரமே கூடாது, சார். அது அறுபது வருடத்து வண்டி. சொந்தக்காரரான வக்கீல் கொண்டுவந்து விட்ட பிறகு மூன்று நாள் யோசித்தேன்.

"அந்தக் காலத்துப் பெயிண்டே இருக்கட்டும்" என்றார் அவர். செல்லுலோஸ் பெயிண்டைத்தான் சொன்னார். அது தானாகக் காயும், தேய்க்கத் தேய்க்கத்தான் மினுங்கும். இன்னொரு வகை, பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிப்பது. கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. வெளிக்காற்று குழாய் வழியே வரும் முகமூடி கட்டாயம் வேண்டும்.

எங்கள் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன் என் தம்பி. அவனுக்கு இழுப்பு உண்டு. இனி ஹார்ட்னர் பக்கம் போனால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்று கேட்டவன் நான்தான்.

பட்டறை நான் தொடங்கியது. ஆனால் வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி இல்லையா?" வக்கீலும் அதையே கேட்டார். பன்னிரண்டு வருடமாகச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

நிறம் கலப்பது என் பொறுப்பு. ஹார்ட்னர் கலந்ததைச் செல்லுலோஸ் டப்பாவில் ஊற்றி வைத்தேன். வக்கீலுக்கும் நல்லதுதானே, நாள்பட நிற்கும்.

தம்பி மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"வாசனை வேற மாதிரி இருக்கேண்ணே?"

"தின்னரை மாத்தியிருக்கேன்டா."

"நீ சொன்னா சரி" என்று எப்போதும் போடும் சாதாரண முகமூடியை மாட்டிக்கொண்டு பெயிண்ட் அறைக்குள் போனான். கதவுக்கு வெளியிலிருந்து நான் தாழ்ப்பாள் போட்டேன். ஈரப் பெயிண்டில் தூசி பட்டால் அத்தனையும் பாழ்.

முதல் கோட் முடியும் நேரத்தில் இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டினான். "அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டான். தட்டுவது நின்ற பிறகும், பெயிண்ட் கையில் ஒட்டாத அளவு காயட்டும் என்று இருபது நிமிடம் விட்டேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

இரண்டாவது கோட்டை மறு வாரம் நானே அடித்தேன், குழாய் முகமூடியோடு. வக்கீல் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி கைராசியே தனி" என்று கண் கலங்கினார். அதற்கும் தலையாட்டினேன்.

தம்பி மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரொம்ப நேரம் தவிச்சாரா மாமா?"

"இல்லம்மா. ஒரு நிமிஷம்கூட இல்ல" என்றேன்.

பொய்தான், சார். ஆனால் அந்தப் பிள்ளை மனசு நோகக் கூடாது. யாரையும் நோகடிக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.