ஜெர்சி சித்தியைக் கொன்னுட்டா

கொன்னுட்டாம்மா, என்னை. என் சொந்த அக்கா பொண்ணு. ரெண்டாவது சீசன்ல, பாதியிலயே. அதுவும் எப்படி? நம்ம நியூ ஜெர்சில இதே ஓக் ட்ரீ ரோடு மாதிரி ஒரு கடைத்தெரு, அங்க கறிவேப்பிலைக்காக இன்னொருத்தியோட சண்டை போட்டுண்டிருக்கறச்சே மயங்கி விழுந்து... போயிட்டேனாம். நான் கறிவேப்பிலைக்கெல்லாம் சண்டை போடறவளா? முருங்கைக்காய்னா சரி, அதுல ஒரு நியாயம் இருக்கு.

நீ கையை ஆட்டாதே. ருக்ஸானா முதுகு ஒடிய உக்காந்து போட்டிருக்கா, மெஹந்தி அப்படியே ஈஷிண்டுடும். ரெண்டு கையையும் நீட்டிண்டு சும்மா இரு. பார்லருக்கு நான் வந்தது வெறும் ஐப்ரோவுக்குத்தான், என் டர்ன் வர நேரமிருக்கு. பேரென்ன சொன்னே, கயலா? ஊரு? டெக்சாஸா, ரவுண்ட் ராக்கா? நீ சொல்லாதே, நான் சொல்றேன். ஆத்துக்காரரும் நீயும் ஐடி, இங்க அக்கா கல்யாணத்துக்கு வந்திருக்கே. பாத்தியா, எனக்கு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிடும். என்னது, நாத்தனார் நிச்சயதார்த்தமா? சரி, கிட்டத்தட்ட அதேதான்.

என்ன சொல்லிண்டிருந்தேன்... ஆங், ப்ரியம்வதா, எங்க ப்ரியா. லண்டன்ல டிவி ஆக்டர். எழுதறதும் அவதான், நடிக்கறதும் அவதான். பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கிலாந்து. எங்க விசாலாக்ஷி அக்காவுக்கு ஒரே பொண்ணு. அத்திம்பேர் அங்க ஹார்ட் டாக்டர். இவளையும் மெடிசின்ல சேர்த்தார். ரெண்டாவது வருஷம் பாதில, எனக்கு ரத்தம் பாத்தா ஆகலே, நான் நடிக்கப் போறேன்னுட்டா. போனவளுக்கு என்ன வேஷம் கிடைச்சுதுங்கறே? ஆஸ்பத்திரி சீரியல்ல நர்ஸ். வருஷக்கணக்கா ஒரே வசனம், "டாக்டர், பிரஷர் இறங்கறது." அத்திம்பேருக்கு வந்துதே ஒரு கோவம். நிஜ டாக்டரா வாடின்னா டிவில நர்ஸா நிக்கறாளேன்னு, பேச்சையே நிறுத்திட்டார். அவர் பேசலேன்னா அக்காவும் பேசமாட்டா. எங்க அக்கா அப்படி. ரொம்ப சாது, கடங்காரி.

அப்புறம் கூட நடிச்ச ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிண்டா. பையன் பாக்க ராஜா மாதிரி இருப்பான், ஒரு காபி கலக்கத் தெரியாது. அதுவும் நிலைக்கலே. டிவோர்ஸ் ஆயிடுத்து, வேஷமும் வரலே. இந்த ரூம் இருக்கே, இதுல பாதி இருக்கும், அப்படி ஒரு ஃப்ளாட்ல தனியா உக்காந்துண்டா. யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கறதில்லே.

ஏய், உன் போன் அடிக்கறது பாரு. நீ தொடாதே, கை ஈரம். நான் எடுக்கறேன். ஹலோ? இல்லே, கயலுக்கு மெஹந்தி காயறது. நான் ஜலஜா மாமி. நீங்க யாரு? மாமியாரா? அவளை ஒண்ணும் அவசரப்படுத்தாதேங்கோ, காயறதுக்கு நாழியாகும். வச்சுடறேன். உன் மாமியார் குரல் நன்னா இருக்கு, பாடுவாளோ?

சரி, கேளு. யார் போனையும் எடுக்காதவ என் போனை மட்டும் எடுத்தா. ஏன்னா நான் அடிச்சுண்டே இருப்பேன். இங்க மத்தியானம் சாப்பிட்டு ஏறக்கட்டினேன்னா அங்க சாயங்காலம். தினமும் கூப்பிடுவேன். டிவோர்ஸைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லேம்மா. எனக்கு என்ன கேக்கறதுன்னே தெரியலே. அதனால என் கதையைச் சொல்லுவேன். என் ஃப்ரெண்ட் ஹம்சா ஆத்து சாம்பார்ல உப்பே இல்லேன்னு சொல்லுவேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல எங்க தெருவுல யார் டிரைவ்வேல யார் காரை நிறுத்தினான்னு சொல்லுவேன். ரூட் எய்ட்டீன் டிராஃபிக்ல நின்னுண்டே ஸ்பீக்கர்ல போட்டு முன்னாடி போறவனைத் திட்டுவேன். எனக்கு ரெண்டும் பசங்க, எதைச் சொன்னாலும் "ஓகே மாம்"னு இங்கிலீஷ்ல முடிச்சுடுவான்கள். இவளாவது ஊம் கொட்டினா. ஒருநாள் லேசா சிரிச்சா. அன்னிக்கு நான் ஆத்துல பாயசம் பண்ணினேன். எங்காத்து மாமா என்ன விசேஷம்னு கேட்டார். ஒண்ணுமில்லேன்னுட்டேன்.

இவ ஊம் கொட்டிண்டே என்ன பண்ணிண்டிருந்தாங்கறே? எழுதிண்டிருந்திருக்கா. திடீர்னு ஒருநாள் டிவில வந்துடுத்து, இங்கயும் ஸ்ட்ரீமிங்ல வந்துடுத்து. லண்டன்ல ஒரு பொண்ணு, புருஷனை விட்டுட்டுத் தனியா இருக்கா. அவளுக்கு தினமும் போன் பண்றது ஒரே ஒருத்தி. ஜெர்சி சித்தி. அவளைக் காட்டவே மாட்டா, குரல் மட்டும்தான். அந்தக் குரலையும் இவளே பேசியிருக்கா. அப்படியே நான்மா. பார்ட்டில மிஞ்சினதைப் போட்டுண்டு வர ஜிப்லாக் பை எடுத்துண்டு போறது, ஊரார் மாட்டுப்பொண்ணையெல்லாம் குறை சொல்றது, ஒருத்தரையும் பேச விடாம "நீ சொல்லாதே, நான் சொல்றேன்"ங்கறது. நான் எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா? நீயே சொல்லு. இல்லே இல்லே, நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும்.

அவார்டெல்லாம் குடுத்தா. மேடைல ஏறி, "எங்க சித்தி பேசினதை எழுதினேன், அவ்வளவுதான்"னுட்டா. எனக்குப் பெருமைதான், இல்லேங்கலே. ஆனா இங்க நம்ம தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா வந்துதே. உள்ள நுழையறேன், ஒரு டேபிளே சேர்ந்து "நீ சொல்லாதே, நான் சொல்றேன்"ங்கறது. பஃபேல தட்டை எடுத்தா, சங்கத்து ராமசுப்ரமணியன் வேணும்னே வந்து, "மாமி, ஜிப்லாக் வேணுமா?"ங்கறார். எனக்கு அழுகையே வந்துடுத்து. பொங்கலை அப்படியே வச்சுட்டு ஆத்துக்கு வந்துட்டேன். வடை மட்டும் எடுத்துண்டு வந்தேன்.

அன்னிக்கே போன் பண்ணி, இனிமே அந்தப் பொம்பளை உன் சீரியல்ல வாயே திறக்கப்படாதுன்னேன். "நிஜமாவா சித்தி?"ன்னா. நிஜமாத்தான்னேன். "அவ இல்லேன்னா கதையே இல்லையே சித்தி"ன்னா. அது உன் கவலைன்னேன்.

அதுக்காகக் கொல்லுவாளோ? ஊருக்கு அனுப்பலாம், காசிக்கு அனுப்பலாம், தொண்டை கட்டிண்டுடுத்துன்னு எழுதலாம். எழுதறவளுக்கு இது தெரியாதா?

கொன்னதுகூடப் பரவாயில்லேம்மா. போட்டோ மாட்டினா பாரு, அதுதான். செத்துப்போனவளோட போட்டோன்னு ஹால்ல பெரிசா மாட்டி, சந்தன மாலை போட்டு, குங்குமம் வச்சு, முன்னாடி விளக்கு ஏத்தி, எல்லாரும் நின்னு அழறா. யார் போட்டோங்கறே? என் போட்டோ. நெசம்மா என்னோட போட்டோ. அரக்குக் கலர் காஞ்சிபுரம் கட்டிண்டு, எடிசன்ல ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துண்டது. உசிரோட இருக்கறவளுக்கு மாலை போடலாமா? மாமா பக்கத்துல உக்காந்து பாத்துண்டிருந்தார், காபி டம்ளரைக் கீழ போட்டுட்டார்.

மறுநாள் எவனோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல விட்டுட்டான். ராமசுப்ரமணியன் என்ன ஏதுன்னு பாக்கலே, க்ரூப்ல ஆழ்ந்த அனுதாபங்கள்னு போட்டுட்டார். அவ்வளவுதான், வரிசையா எல்லாரும் கைகூப்பிண்டு. ஹம்சா எங்காத்து மாமாவுக்குப் போன் பண்ணி, "எப்போ ஆச்சு மாமா?"ன்னு அழறா. இவருக்கு ஒண்ணும் புரியலே. "இப்பத்தான் போனா, வந்துடுவா"ன்னிருக்கார். நான் சாமான் வாங்க காஸ்ட்கோ போயிருந்தேன். அதுக்கு அவ இன்னும் ஜாஸ்தி அழறா, மனுஷனுக்கு சித்தம் கலங்கிடுத்துன்னு. சாயங்காலம் ஒரு தூக்கு நிறைய தயிர்சாதத்தோட வந்து நிக்கறா. கதவைத் திறந்தது நான். அவ போட்ட கத்தல்ல எதுத்தாத்து நாய்கூட உள்ள ஓடிடுத்து. தயிர்சாதத்தை நான் திருப்பிக் குடுக்கலே. நன்னாத்தான் பண்ணியிருந்தா.

போட்டோ எப்படி அவகிட்ட போச்சுன்னு பாக்கறியா? நான்தான் அனுப்பினேன். அந்தப் பொங்கல் சண்டைக்கப்புறம் ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னா, சீரியலுக்கு ஒரு இந்தியன் லேடி போட்டோ வேணும், ஏஜென்சில கேட்டிருக்கேன்னு. யாரோ ஒருத்தி மூஞ்சியை எதுக்குடி மாட்டணும், நான் இல்லையான்னேன். "ஐயோ சித்தி, அது எதுக்குன்னா..."ன்னா. நீ சொல்லாதே, நான் சொல்றேன், ஹால் செவுத்துக்குத்தானேன்னேன். "ஹால்தான் சித்தி, ஆனா..."ன்னா. நான் அப்பவே அனுப்பிட்டேன். அப்புறமும் கூப்பிட்டு, கொஞ்சம் கேளேன் சித்தி, கேளேன் சித்தின்னு இழுத்துண்டே இருந்தா. எனக்கு அன்னிக்கு பிளம்பர் வந்திருந்தான், அவன் பண்ணின அக்கிரமத்தைச் சொல்ல வேண்டாமா? எங்க வேணா மாட்டிக்கோ, நல்ல வெளிச்சமா மட்டும் இருக்கணும்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல், அதான் முன்னாடி விளக்கே ஏத்திட்டாளே.

அன்னிலேர்ந்து நான் போன் பண்ணலே. அவ பண்ணினாலும் எடுக்கலே. மத்தியானம் கை அலம்பிட்டு வந்து சும்மா உக்காந்துண்டிருக்கேன். மாமாகிட்ட பேசலாம்னா அவர் காதுல மிஷினைக் கழட்டி வச்சுடறார். அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். ரெண்டாவதுதான், இருக்கட்டுமே. ஸ்கூல் டீச்சர், காபி நன்னா கலப்பானாம். அத்திம்பேர்கூட வரேன்னுட்டாராம். இவ என்னடான்னா, சித்தி வந்தாத்தான் கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவேன்னு மெசேஜ் விட்டிருக்கா. நான் போகப்போறதில்லே.

எதுக்கு அப்படிப் பாக்கறே? ஐப்ரோ சும்மா. ப்ளவுஸ் தைக்கக் குடுத்ததும் சும்மாதான். லண்டன் டிக்கெட் மாமா போட்டது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லே.

இரு, அந்த மாலை போட்ட போட்டோவைக் காட்டறேன். பாத்துட்டு நீயே நியாயத்தைச் சொல்லு. கண்ணாடி எங்க... இந்த பேக்குல போட்டா கிணத்துல போட்ட மாதிரி. ஆங், இதோ. ஒண்ணு சொல்லணும், மாலைல நான் லட்சணமாத்தான் இருக்கேன். பாரு கயல்.

கயல்?

ருக்ஸானா, இங்க உக்காந்திருந்த பொண்ணு எங்கம்மா? போயிட்டாளா? ஈர மெஹந்தியோடயா? கதவை எப்படித் திறந்தா? முழங்கையாலயா? அட ராமா. ஒரு வார்த்தை சொல்லிண்டு போகப்படாதோ. நான் எங்க சொல்ல விட்டேன்...

இதை இப்போ யார்கிட்ட சொல்றது? ப்ரியா கேட்டா உருண்டு உருண்டு சிரிப்பா.

அங்க மணி என்ன இருக்கும்? சாயங்காலம்தானே.

ஹலோ. ப்ரியாவா? நான்தாண்டி. ஆமாம், செத்துப்போன சித்திதான் பேசறேன். எதுக்கு அழறே? அசடே, மூக்கைச் சிந்து. சாப்பிட்டியா? கேளு, இங்க ஒரு பொண்ணு, ரெண்டு கையிலயும் மெஹந்தி, என்கிட்டேர்ந்து தப்பிக்க முழங்கையால கதவைத் திறந்துண்டு ஓடிட்டா. எழுதிக்கோ. எழுதிக்கோன்னுதான் சொல்றேன். போட்டோ மாறிப்போச்சு, செத்தது வேற யாரோன்னு மூணாவது சீசன்ல போட்டுடு. வரேண்டி, வராம? முறுக்கு எவ்வளவு கொண்டு வரணும்... என்னது? நீ ஒண்ணு சொல்லணுமா?

நீ சொல்லாதே, நா...

சரி. சொல்லு. நீயே சொல்லு, நான் கேக்கறேன்.

ருக்ஸானா, என் டர்னை அந்த அம்மாவுக்குக் குடுத்துடு. என் பொண்ணு பேசறா.