பொட்டு வைக்காத வெர்னியர்

சரிதா: பட்டறை மேசையில இருக்கற வைஸுக்குப் பொட்டு வெச்சாச்சு. அரம் ரெண்டுக்கும் ஆச்சு. இந்த டிரில்லிங் மிஷினுக்கு எங்கங்க வெக்கறது, மூஞ்சியிலயா?

முனிவேல்: பட்டன் மேல மட்டும் வெச்சுடாத. சந்தனம் உள்ள போனா அவ்வளவுதான்.

சரிதா: ஆயுத பூஜைக்கு ஒரு நாள்தான் குளிக்குதுங்க. அதுக்கும் பயமா... சரி, அந்தத் துணியில சுத்தினது?

முனிவேல்: எது?

சரிதா: மேசைக்கு அடியில. ஸ்பேனர் டப்பாவுக்குப் பின்னால.

முனிவேல்: அதுவா... வெர்னியர். அளவு பாக்கறது. ரிப்பேரு. பூஜையில வேண்டாம்.

சரிதா: போன வருஷம் புடி உடைஞ்ச சுத்திக்கே பூ போட்டீங்க. உழைச்ச சாமானாச்சேன்னு.

முனிவேல்: அது நம்ம சுத்தி.

சரிதா: அப்ப இது?

முனிவேல்: ... பொரியில கடலை கலந்தியா?

சரிதா: கலந்தாச்சு. இது யாருதுங்க?

முனிவேல்: கம்பெனிது. ரெண்டு நாள்ல கொண்டு போய் வெச்சிடலாம்னுதான் எடுத்தாந்தேன். வூட்டுல செய்யற வேலைக்கு அளவு சுத்தமா வேணும். நூல் பிசகினாலும் ஆர்டர் குடுக்கற அத்திபெலே பார்ட்டி திருப்பி அனுப்பிடறான்.

சரிதா: ஸ்டோர்ல காணாமப் போச்சுன்னு, ஸ்டோர் பாக்கற ஜுபைர் பாயை வூட்டுக்கு அனுப்பினாங்களே... அது...

முனிவேல்: மெதுவாப் பேசு. பக்கத்து வூடு.

சரிதா: பக்கத்து வூட்டுக்காரரைத்தான் பேசறேன்.

முனிவேல்: அவரை வேலைய விட்டுத் தூக்கல. விசாரணைதான்.

சரிதா: திங்கக்கிழமை கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுவாங்களாம். அவரு சம்சாரம் அதியா பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டுது. காவேரிப்பட்டினத்துக்கே போறாங்க, அம்மா வூட்டுக்கு.

முனிவேல்: சூடம் எங்க வெச்ச?

சரிதா: இந்த மேசைக்கு கிரானைட் கல்லைத் தூக்கினது யாரு? ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் அவரு. விரல் நசுங்கியும் கைய எடுக்காம, "மட்டம் சரியா இருக்கா பாருங்கண்ணே"ன்னு நின்னாரு.

முனிவேல்: தெரியும். அதை நீ சொல்லணுமா?

சரிதா: என்ன பண்ணப் போறீங்க?

முனிவேல்: யோசிச்சு வெச்சிருக்கேன். லீவு முடிஞ்சு மொத ஷிப்ட்டு... லேத்து மிஷினுக்குப் பின்னால சந்துல போட்டுட்டு வந்துடறேன். பெருக்கறவங்க கையில கெடைக்கும். முடிஞ்சுது.

சரிதா: பாயே பயந்து போட்டுட்டாருன்னு சொல்லுவாங்க.

முனிவேல்: கேட்டுக்குள்ளயே விடாத ஆளு எப்படிப் போடுவாரு?

சரிதா: ஆள் வெச்சுப் போட்டாருன்னு சொல்லுவாங்க. சொல்றதுக்கா ஆளில்ல?

முனிவேல்: அப்ப என்னைப் போய் நிக்கச் சொல்றியா? மேனேஜர் முன்னால, நான்தான் எடுத்தேன்னு? வூடு எப்படி ஓடும்?

சரிதா: அவங்க வூடு எப்படி ஓடுது?

முனிவேல்: ... நீ சும்மா இரு. விளக்கை ஏத்து.

சரிதா: ஏத்தறேன்.

முனிவேல்: இங்க பாரு. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. எதுக்கு ஊதிப் பெருசாக்கணும்?

சரிதா: அதியா எங்கிட்ட காலையிலயே சொல்லிடுச்சுங்க. நீங்க அதைச் சாப்பாட்டுப் பையில போடறதை பாய் அன்னிக்கே பாத்துட்டாராம். அண்ணன் தானா வந்து சொல்லுவாருன்னு இத்தனை நாளும் வாயைத் தொறக்கலியாம்.