சஜஸ்ட் பண்றோம்

— கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், இவரும் கேக்கட்டும்.

— குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி சஜஸ்ட் பண்றோம்மா.

— சஜஸ்டா? அவ்வளவுதானா? கட்டாயம்னு இல்லியா?

— எங்க ஹெல்ப்லைன்ல அப்படித்தாம்மா சொல்லணும். எத்தனை மாசக் குழந்தை?

— அஞ்சு மாசம். காலையிலேர்ந்து வாந்தி, பேதி. பால் ஒரு வாய் தங்கல. அழுதுக்கிட்டே இருக்கா, கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. கேக்குதா மேடம்?

— கேக்குதும்மா. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?

— விடிஞ்சதும் போனா. இப்ப மணி ரெண்டு. அதுக்கப்புறம் ஒண்ணுக்கே போகல.

— அம்மா, உடனே கிளம்ப சஜஸ்ட் பண்றோம். உடனே!

— ஐயோ, மறுபடியும் அதே வார்த்தையா! இவர் என்ன சொல்றார் தெரியுமா? ‘துணிக்கடைக்காரனும்தான் சஜஸ்ட் பண்றான், எல்லாத்தையுமா வாங்கறோம்’ங்கறார். சாயங்காலம் பாத்துக்கலாமாம். வண்டிச் சாவி இவர் பாக்கெட்ல.

— பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்களேன்.

— இவரை மீறிப் போயிட்டு இந்த வீட்டுல நான் எப்படி மேடம் இருக்கறது? ‘போயே ஆகணும்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— ஸ்பீக்கரை நிறுத்துங்கம்மா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

— நிறுத்திட்டேன்.

— நான் டாக்டர் இல்ல. எதிர்ல ஒட்டியிருக்கற தாளைப் பாத்துப் படிக்கறவ. நாம பேசறதெல்லாம் பதிவாகுது. போன மாசம் ஒருத்தர்கிட்ட ‘போங்க’ன்னதுக்கே மன்னிப்பு எழுதி வாங்கிட்டாங்க. இன்னொரு தடவை சொன்னா வேலை போயிடும்.

— நான் என்ன செய்வேன் மேடம்? நாக்கெல்லாம் வறண்டு போச்சு இவளுக்கு. உச்சி குழிஞ்சு கிடக்கு.

— உச்சி குழிஞ்சிருக்கா? இதை ஏம்மா முதல்லயே சொல்லல! போடுங்க ஸ்பீக்கரை.

— போட்டுட்டேன்.

— சார், கேளுங்க. போயே ஆகணும். கட்டாயம். இந்த நிமிஷமே!

— ஏதோ முணுமுணுக்கறார் மேடம்.

— அம்மா? என்ன சொல்றார்?

— ‘இவ்வளவு நேரம் சஜஸ்ட், ரெண்டு பேரும் ரகசியம் பேசினதும் கட்டாயமா? நீ அழுதே, அவங்க உனக்குத் தாளம் போடறாங்க’ங்கறார்.

— போனை அவர்கிட்ட குடுங்கம்மா! பெத்த குழந்தை அழறது அவர் காதுல விழலியா?

— சிரிக்கறார் மேடம். ‘பாரு, அழுகையை நிறுத்திட்டா, தானா சரியாயிடுச்சு’ங்கறார்.