ஊரைப் பற்றி ஐந்து நிமிடம்

நிருஷா: திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க. பாண் விக்கிற ஆட்டோவிட பாட்டு பதிவுக்குள்ள விழுந்திட்டு.

ரூபன்: விழட்டும் விடு. அதுவும் மட்டக்களப்புச் சத்தம்தானே.

நிருஷா: "எங்கள் ஊர் கலை நகரம்" எண்டு மாநகரசபையால விண்ணப்பம் போடுறாங்க. அதுக்கு அஞ்சு நிமிசம் கதைக்கச் சொல்லி உங்களத்தான் கேட்டிருக்காங்க. பின்னால பாண்காரன் கூவினா நல்லாவா இருக்கும்? பேர், தொழில், எவ்வளவு காலம் இஞ்ச. சொல்லுங்க.

ரூபன்: என்ட பேர் உதயரூபன். நாடகங்களுக்கு ஒலி அமைக்கிறன். பிறந்தது தேற்றாத்தீவு. ஏழு வருசமா நாவற்குடாவில... பொஞ்சாதிக்குச் சீதனமாக் குடுத்த வீட்டில.

நிருஷா: அதென்னத்துக்கு இப்ப?

ரூபன்: உண்மைதானே. எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்கு. ஆம்பிள ஒரு பெட்டியோட வந்து ஏறுறவன். நீ கோவிச்சா நான் தெருவில.

நிருஷா: அந்தப் பயம் இருக்கா?

ரூபன்: ...இதையும் பதியிறியா?

நிருஷா: சிவப்பு லைட் எரியிது தானே. கேள்விக்கு வாறன். இப்பிடி அளவான ஒரு ஊரில கலைஞனா இருக்கிறதில என்ன நன்மை?

ரூபன்: அளவுதான் நன்மை. சைக்கிள எடுத்தா பத்து நிமிசத்தில ஆர்ட வாசலுக்கும் போகலாம். லைட் இல்லையா, கோயில் சவுண்ட்ஸ்காரர் தருவார். நடிக்க ஆள் இல்லையா, வங்கியில ஒருத்தன், ஆஸ்பத்திரியில ஒருத்தி. ஒத்திகைக்கு இடம் இல்லையா, வாவிக்கரை கிடக்கு. ஆரும் எழும்பிப் போ எண்டு சொல்ல மாட்டாங்க.

நிருஷா: வாவியில பாடுற மீனப் பற்றிச் சொல்லல்லையே?

ரூபன்: அத மட்டும் கேக்காத. வாறவன் போறவன் எல்லாம் மைக்கத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நிக்கிறான்.

நிருஷா: நானும்தான் விட்டன்.

ரூபன்: நீ விட்டது வேற. மூண்டு மாசம் தோணியில கிடந்து எடுத்தாய். அந்தச் சத்தத்தப் போட்ட நாடகத்துக்குத்தானே சனம் எழும்பி நிண்டு கைதட்டினது.

நிருஷா: உங்களுக்கு.

ரூபன்: எங்களுக்கு.

நிருஷா: நோட்டீசில ஆர்ட பேர் இருந்த?

ரூபன்: அது... அச்சடிச்ச நிஸ்தார் காக்கா விட்ட பிழை. "உதயரூபன் குழு" எண்டு போட்டுட்டார்.

நிருஷா: மூண்டு நாடகத்துக்கும் அவர்தான் பிழை விட்டவரா?

ரூபன்: ...அடுத்த கேள்விக்குப் போ.

நிருஷா: தீமை.

ரூபன்: எண்பது பேர். என்ன நாடகம் போட்டாலும் அதே எண்பது பேர்தான் வருவாங்க. நல்லா இல்ல எண்டு ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். நாளைக்குக் கலியாண வீட்டில பக்கத்து இலையில இருக்கணுமே. மறுகா, ஒரு ரகசியமும் நிக்காது. நீ கொழும்புக்கு விண்ணப்பம் போட்டது எனக்குப் போட்டோகொப்பிக் கடையில தெரிய வந்த.

நிருஷா: அண்டைக்கே நான் சொன்னன்தானே.

ரூபன்: நீ பின்னேரம் சொன்னாய். கடைக்காரன் காலமையே கேட்டுட்டான், "என்ன, மனுசி படங்களுக்கு ஒலி செய்யக் கொழும்புக்குப் போறாவாம்" எண்டு. நான் பல்லக் காட்டிட்டு நிண்டன்.

நிருஷா: ம்.

ரூபன்: அதுக்குப் பதில் ஒண்டும் வரல்ல தானே?

நிருஷா: நேர்முகம் முடிஞ்சு ஒரு மாசமாகுது.

ரூபன்: அப்ப விடு. இனி வராது. அங்க போய் என்ன செய்யிற? உன்ன ஆருக்குத் தெரியும்?

நிருஷா: அதுதான் எனக்கு வேணும். இஞ்ச என்னத் தெரிஞ்ச சனம் எல்லாம் "ரூபன்ட மனுசி" எண்டுதானே தெரிஞ்சு வச்சிருக்கு. அந்த ஆஸ்பத்திரிப் புள்ள, ஏழு வருசமா எங்களோட நடிக்கிறா. போன கிழமை என்ட பேரக் கேக்கிறா.

ரூபன்: பகிடிக்குக் கேட்டிருப்பா.

நிருஷா: படிவம் ஒண்டில எழுதக் கேட்டவ. பகிடி இல்ல.

ரூபன்: சரி... உனக்கு இந்த ஊரில ஒரு நல்லதும் இல்லையா? நீ சொல்லு. நான் மைக்கப் பிடிக்கிறன்.

நிருஷா: இருக்கு. விடியச் சாமம் நாலரைக்கு வாவியில நிண்டா ஒரு சத்தமும் இல்ல. அந்த அமைதிய வேற எங்கயும் பதிய ஏலாது. அத விட்டுட்டுப் போறதுதான் எனக்குக் கஷ்டம்.

ரூபன்: அப்ப போகாத.

நிருஷா: மைக்கத் தாங்க. கடைசிக்கு முதல் கேள்வி. "உங்கள் நகரத்துக் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்குகிறார்கள்?"

ரூபன்: இது நல்ல கேள்வி. லைட் கட்ட ஒருத்தன் ஏணியில ஏறினா, கீழ ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு நிப்பான். எங்கட ஊர்ப் பழக்கம் அது. பிடிக்கிறவன் பசிச்சாலும் விட்டுட்டுப் போக மாட்டான். கொழும்பில போட்டி. இஞ்ச ஏணி.

நிருஷா: வடிவாச் சொன்னீங்க.

ரூபன்: வாயில வந்திட்டு.

நிருஷா: நீங்க ஒரு நாளும் ஏணிய விடல்லையா?

ரூபன்: ...இது தாளில இருக்கிற கேள்வியா?

நிருஷா: இல்ல.

ரூபன்: அப்ப என்னத்துக்குக் கேக்கிறாய்?

நிருஷா: கொழும்பில இருந்து என்னப் பற்றி உங்களிட்ட ஒருத்தரும் விசாரிக்கல்லையா?

ரூபன்: என்னட்டயா... என்னட்ட என்னத்துக்கு?

நிருஷா: மட்டக்களப்பில ஒலி தெரிஞ்ச ஆள் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சது உங்கள மட்டும்தானே. கொழும்பு நாடக விழாவில சந்திச்சீங்க. நீங்க என்ட மனுசன் எண்டு அவங்களுக்குத் தெரியா. சின்ன ஊர். விசாரிக்கவும் அதே ஆள்தான், என்னக் கட்டினதும் அதே ஆள்தான்.

ரூபன்: ரெக்கோடர நிப்பாட்டு.

நிருஷா: கேட்டாங்களா?

ரூபன்: நிப்பாட்டு நிருஷா.

நிருஷா: நிப்பாட்டிட்டன். இந்தா, லைட் அணைஞ்சிட்டு. சொல்லுங்க.

ரூபன்: ...ஓம். மின்னஞ்சல் வந்த.

நிருஷா: என்ன எழுதினீங்க?

ரூபன்: நல்லாத்தான் எழுதினன். அப்பிடிக் காது இந்த மாகாணத்திலயே இல்ல, பொறுமையான ஆள், மூண்டு மாசம் தோணியில கிடந்தவ எண்டு... எல்லாம் எழுதினன். பொய் ஒண்டும் இல்ல.

நிருஷா: மறுகா?

ரூபன்: மறுகா... கடைசியில ஒரு வரி. "அவ ஊர விட்டு வரமாட்டா. வீடு வாசல் எல்லாம் இஞ்ச. இடத்தக் குடுத்திட்டு ஏமாறாதீங்க."

நிருஷா: நான் அப்பிடிச் சொன்னனா?

ரூபன்: இல்ல.

நிருஷா: புருசன் எண்டு கீழ போட்டீங்களா?

ரூபன்: ...இல்ல. ஒலி அமைப்பாளர் எண்டு போட்டன்.

நிருஷா: ஏன் ரூபன்?

ரூபன்: பயம். வேற என்ன சொல்ல... இஞ்ச ரூபன் எண்டா ஊரே லைட் தரும். அங்க நான் ஆர்? உன்ட பையத் தூக்கிக்கொண்டு பின்னால திரியிற ஆள். "ஆர் இவர்" எண்டு கேட்டா, "நிருஷாட மனுசன்" எண்டு சொல்லுவாங்க. எனக்கு அது ஏலாது எண்டு நினைச்சன்.

நிருஷா: நான் ஏழு வருசம் அப்பிடித்தான் இருந்தன். செத்துப் போகல்ல.

ரூபன்: எனக்குத் தெரியும். அதான் வெக்கமா இருக்கு... உனக்கு ஆர் சொன்ன?

நிருஷா: அவங்களே போன் எடுத்துக் கேட்டாங்க. "நீங்க வரமாட்டீங்க எண்டு உங்க ஊர் ஒலி அமைப்பாளர் எழுதியிருக்கார், உண்மையா" எண்டு. நான் குசினிக்குள்ள நிண்டன். நீங்க முற்றத்தில வயர் சுத்திக்கொண்டு நிண்டீங்க.

ரூபன்: எப்ப?

நிருஷா: இண்டைக்குப் பத்து நாள்.

ரூபன்: பத்து நாளா ஒண்டும் கேக்கல்லையே நீ. சோறு போட்டாய், சிரிச்சாய்...

நிருஷா: நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பார்த்தன். ஒவ்வொரு நாளும் பார்த்தன். கடைசியா இண்டைக்கு மைக்க வச்சும் பார்த்தன்.

ரூபன்: இப்பவே அவங்களுக்கு எழுதுறன். நான் அவட மனுசன், அந்த வரி பொய் எண்டு எழுதுறன். மடிக்கணினிய எடு... நானும் உன்னோட வாறன். உன்ட பையத் தூக்கிறன், பரவால்ல. கடைசிக் கேள்வி ஒண்டு இருக்கு எண்டாயே, அது என்ன?

நிருஷா: "இந்த நகரத்தை விட்டுப் போவீர்களா?" எண்டு இருக்கு. அது உங்களுக்கில்ல, நான் சொல்றன். வேலைக் கடிதம் போன கிழமையே வந்திட்டு. நாளைக் காலமை ரயில். பத்து நாளைக்கு முதல் வாய் திறந்திருந்தா ரெண்டு டிக்கட் எடுத்திருப்பன், இப்ப ஒண்டுதான் எடுத்திருக்கன். பயப்பிடாதீங்க, தெருவில விட மாட்டன். வீட்டுத் திறப்பு சாமித் தட்டில இருக்கு, பூட்டித் திறந்து நீங்க இருங்க. ஆர்ட வீடு, நீங்க ஆர் எண்டு ஆரும் கேட்டா, நிருஷாட மனுசன் எண்டு சொல்லுங்க.