மூன்றாம் பட்டியல்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்று மிகுதி, பரவாயில்லை.

விண்பொருள்களின் பட்டியலை முப்பத்தோர் ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். சூரியனைச் சுற்றும் சிறு பொருள் எதுவாயினும் இரண்டு பட்டியல்களில் ஒன்றில் இடம்பெறும். கல்லாக இருந்தால் சிறுகோள். பனியாக இருந்து, வெயில் பட்டதும் ஆவியை வாலாக நீட்டினால் வால்வெள்ளி. நான் பதிந்த எதையும் இதுவரை எவரும் அடித்து எழுதியதில்லை.

என் தங்கை மகளும் நான் இருக்கும் வானியல் ஆய்வகத்திலேயே பணிபுரிந்தாள். சிறுகோள் என நான் பதிந்திருந்த ஒன்றைச் சுற்றிப் புகைபோல ஒரு மங்கல் இருப்பதைப் படங்களில் கண்டாள். குளிர் அறையில் கரித்தூளையும் பனியையும் பிசைந்து ஓர் உருண்டை செய்தாள். விளக்கின் சூட்டில், கல்லைப் போன்ற அதன் மேலோட்டின் வழியே ஆவி கசிவதை எனக்கே காட்டினாள்.

"கல்லும்தான், பனியும்தான் பெரியம்மா. மூணாவதா ஒரு பட்டியல் போட்டா என்ன குடி முழுகிப் போகுது?"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"ஒண்ணைத்தான் சொல்றேன். ரெண்டும்னு."

ஆய்வக இயக்குநரும் அவளோடு சேர்ந்து சிரித்தார். திங்கட்கிழமை என் பட்டியலைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அனைவரும் கிளம்பிவிட்டனர். அவள் உருண்டையைப் பார்த்துவரக் குளிர் அறைக்குள் போனாள். மேலங்கியை நாற்காலியிலேயே விட்டிருந்தாள்; இதற்காகப் பலமுறை கண்டித்திருக்கிறேன். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கோரி அவள் எழுதிய கடிதம், தேதியிடப்படாததால் என் மேசையிலேயே இருந்தது. ஆகவே கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். கட்டையை எடுத்து, அலமாரியில் அதற்குரிய இடத்தில் வைத்தேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

"விளையாடாதீங்க பெரியம்மா. வெறைச்சுப் போயிடுவேன்."

நான் அமர்ந்து அவளுடைய மேலங்கியை மடித்தேன்.

"பட்டியலை மாத்த வேணாம். அது சிறுகோள்தான். நான் சொன்னது தப்பு பெரியம்மா, தப்பு."

நடுங்கிக்கொண்டே சொல்லும் கருத்தை நான் பதிவதில்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பின், "அம்மா, திறந்துடுங்கம்மா" என்றாள். ஐந்து வயதில் தாயை இழந்தவளை வளர்த்தவள் நான்தான். எனினும் அப்படி அழைக்க ஒருநாளும் விட்டதில்லை. கதவருகே குனிந்து, "பெரியம்மா" என்று திருத்தினேன்.

அதன்பின் அவள் கூப்பிடவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்ளும் பெண்தான், ஐயா.