மஞ்சள் டேப்

டீ நன்றாக இருந்தது ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் எழுதியதை ஏட்டையா வாசித்துக் காட்டினார். ரிப்பேர் கடைக்காரர் சங்கிலிமுத்து, பேட்டரி டிரில்லின் சார்ஜரைத் தவறாகப் பழுதுபார்த்ததால், அச்சக முதலாளி ராஜபாண்டியன் மின்சாரம் தாக்கி இறந்தார் என்று இருக்கிறது. மற்றதெல்லாம் சரி. அந்தத் 'தவறாக' மட்டும் இருக்கக் கூடாது. அடித்துவிடுங்கள்.

என் அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அள்ளியவள். எங்கள் குடும்பத்தில் தன் பேருக்கு ஒரு போர்டு எழுதி மாட்டியவன் நான்தான். சிவகாசியில் மிக்ஸியோ டிரில்லோ எது மக்கர் செய்தாலும் என் கடைக்கு வரும். ராஜபாண்டியனும் என்னிடம்தான் கொடுப்பார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

காலண்டர் தாளைப் புரட்டிப் புரட்டி அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. விரலை எச்சிலில் நனைக்காமல் எதையும் தொட மாட்டார். நான் சரிசெய்த சார்ஜரை மீட்டரில் வைத்து, இருபத்தோரு வோல்ட் என்று காட்டினாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். ஈர விரலைச் சார்ஜர் பின்னில் வைப்பார். சுருக்கென்றால்தான் நம்புவார். சார்ஜரிலிருந்து வரும் அந்தச் சின்ன மின்சாரம் யாரையும் ஒன்றும் செய்யாது. பிறகு விரலை என் தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பார்.

"ஏலே, ஒன் மீட்டரு ஒனக்குச் சாதகமாத்தாம்லே சொல்லும். வேலை தெரியாமலே போர்டு மாட்டிட்ட, நாங்கதான் தொட்டுப் பாத்துக்கிடணும்" என்பார். கடையில் ஆள் இருந்தால்தான் இதைச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது ஐயா, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தடவை சார்ஜர் போர்டில் டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். உள்ளே இரண்டு கம்பிச் சுற்று. ஒன்றில் வீட்டுக் கரண்டு வரும், மற்றதிலிருந்து பேட்டரிக்குப் போகும். இரண்டும் தொட்டுக்கொண்டால் வீட்டுக் கரண்டு அப்படியே பின்னுக்கு வந்துவிடும், அதற்காக நடுவில் மஞ்சள் டேப் சுற்றுவோம். கருகியதைக் களைந்துவிட்டு, புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. டேப்பை மட்டும் சுற்றவில்லை.

அப்போதும் மீட்டர் இருபத்தோரு வோல்ட்தான் காட்டியது; பின்னிலிருந்து ஆள் வழியாகத் தரைக்குப் போகும் கரண்டு அதில் தெரியாது. என் மீட்டரை நம்புகிறவருக்கு அந்தச் சார்ஜரால் ஓர் ஆபத்தும் இல்லை.

அவர் வருவதாகச் சொன்னது வெள்ளிக்கிழமை. கடையைக் கழுவிவிட்டேன். வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அவர் பரம்பரை வியாபாரி, எந்தக் கடைக்குள்ளும் செருப்போடு ஏற மாட்டார். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து நின்றார்.

"முதலாளி, மீட்டரப் பாருங்க, சரியா இருக்கு" என்றேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

"நீ சொல்லி நான் நம்பணுமாலே?" என்று விரலை நாக்கில் வைத்தார்.

சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பக்கத்துக் கடை வள்ளித்தாயக்கா ஓடிவந்து, "ஏலே, ஆஃப் பண்ணுலே, ஆஃப் பண்ணுலே" என்று அலறினாள். அவர் அசைவு நின்றதும் அணைத்தேன்.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்று வக்கீலும் சொன்னார். நானும் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராஜபாண்டியன் மனைவி பொன்னுத்தங்கம் அம்மா இங்கே வந்தார்கள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. என்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அவன விட்டுருங்க சார். வேணுமின்னா செஞ்சான்? வேலை தெரியாத பய, பாவம்" என்று உங்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவராவது கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார், இது காகிதத்தில் ஏறிவிடும். வேண்டுமென்றேதான் செய்தேன் ஐயா. அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எனக்கு வேலை தெரியும் என்று.