கரிக்கோடு

– தூக்கிப் போடுடி அந்த முட்டையை. நாறிடும்.

– நாறாதுக்கா. காதுல வச்சுப் பாரு. உள்ள கீச்சுங்குது, சரியா?

– எனக்கு ஒண்ணும் கேக்கல. ஏழு குஞ்சையும் கூட்டிக்கிட்டு கருப்பி கூடையை விட்டு இறங்கி ரெண்டு நாளாச்சு. தாய்க்கே வேணாம்னு போச்சு. நீ என்னடான்னா மடியில கட்டிக்கிட்டுத் திரியற.

– வேணாம்னு யாரு சொன்னா? முதல்ல பொரிச்சது இரை தேடி ஓடுது. மேல காக்கா சுத்துது. நேத்தே ஒண்ணைக் கொத்தப் பார்த்துச்சு. ஓடுறதுக்குப் பின்னாடிதானே அவளும் ஓடணும், சரியா? ஓட்டுக்குள்ள கிடக்கறது என்ன கூப்பிடவா போகுது?

– லாஜிக்கா பேசு. ஒண்ணா அடை வச்சா ஒண்ணாதானே பொரிக்கணும்?

– ஒண்ணா வச்சது ஏழுதான். ஏழுலயும் கரிக்கோடு போட்டு வச்சேன். இந்த வெள்ளச்சி இருக்காளே, தனக்குன்னு தனிக் கூடை இருந்தாலும் அடுத்தவ அடைகாக்குற இடத்துலதான் வந்து இடுவா. அப்படிப்பட்ட புத்தி. கோடு இல்லாததை அன்னன்னைக்கே எடுத்துடுவேன். ஒரு மகராசி வந்து எல்லாத்தையும் ஈரத்துணியால பளபளன்னு துடைச்சு வச்சாங்க.

– பச்சக்குழந்தை இருக்கற வீடு. அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன்.

– அழுக்கு இல்ல. என் கோடு.

– ஒரு வார்த்தை சொல்லி வைக்கறதுக்கென்ன?

– நீ என்னைக்குக் கேட்ட? கோடு போனப்புறம் எது பழசு, எது புதுசுன்னு தெரியல. பயந்துக்கிட்டு எதையும் எடுக்கல. வெள்ளச்சியோடது நாலு உள்ளேயே நின்னுபோச்சு. மூணு குளுந்துடுச்சு. இது ஒண்ணுதான் மூச்சு விடுது. நாளைக்கு ஓட்டைக் கொத்திடும், சரியா?

– நாளைக்கு நாம இங்க இருந்தாத்தானே! பதினோரு மணிக்கு வண்டி வருது. என் லீவு முடிஞ்சுது, திங்கக்கிழமை ஆபீஸ்ல நிக்கணும். அம்மா கூட இல்லாம குழந்தையை யார்கிட்ட விடுவேன்?

– அம்மா வரட்டும். யாரு வேணாம்னா?

– நீயும்தான்டி. உனக்கு காலேஜ் ஃபார்ம் வாங்கி பீரோவுல வச்சிருக்கேன். நம்ம வீட்டுல முதல்ல டிகிரி வாங்கினவ நான்னா, அடுத்தது நீதான். லாஜிக்கா யோசி, ஒரு முட்டைக்காக அதை விடுவியா? போ, பெட்டியக் கட்டு.

– ஃபார்மா? எனக்கா?

– பின்ன கருப்பிக்கா? ஏன் இப்படி முழிக்கற?

– பெட்டி இங்க இல்லக்கா.

– எங்க போச்சு?

– நேத்தே அத்தை வீட்டுக்குப் போயாச்சு. என் துணிமணி, சர்ட்டிபிகேட் எல்லாம். அம்மாவே கொண்டுபோய் வச்சாங்க.

– எதுக்கு?

– நான் அங்கதான் இருக்கணுமாம். அத்தை பையனுக்கு இன்னும் பொண்ணு பாக்கலையாம். அடுத்த மாசமே பேசி முடிச்சுடலாம்னு அத்தை சொன்னாங்களாம்.

– பன்னெண்டாவது ரிசல்ட் வந்து மூணு வாரம் ஆகலடி! அந்தத் தடியனுக்கா? நீயும் வாயை மூடிக்கிட்டு கோழிக்கூட்டுலயே உக்காந்திருந்தியா?

– கத்தாத. குழந்தை முழிச்சுக்கும்.

– முழிக்கட்டும்! என் வீட்டுல ஒரு பாய் விரிக்க இடமில்லையா? லாஜிக்… சீ, ஒரு மனசாட்சி வேணாம்? அங்க உனக்கு இடமில்லன்னு யாருடி சொன்னது? என் வீட்டுக்காரரா?

– மாமா வாயே திறக்கல.

– அப்புறம் யாரு? சொல்லு. அவங்களை இப்பவே நிக்க வச்சுக் கேக்கறேன்.

– நீதான் சொன்னேன்னு அம்மா சொன்னாங்க.